பின் அடித்த பக்கங்கள்

1

மேலூர்
20.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். செத்துப் பதினாலு வருஷம் ஆனவளுக்குப் புதிதாக என்ன நோய் வந்துவிடப் போகிறது? உன் மாப்பிள்ளை முத்துக்கருப்பனுக்குத்தான் டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் குனிந்து குனிந்து இடுப்புப் பிடித்துக்கொண்டது. நீ, மதினி, அம்மா எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா?

ஒரு மாசமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. பள்ளிக்கூடம் திறக்கும் நேரம், ஜெராக்ஸ் கடையில் கூட்டம் நெரியும், அண்ணனுக்குப் பேனாவைத் தொட நேரம் இருக்காது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதற்காக இவ்வளவு நாளா? "இனி அவகூட ஒரு வார்த்தை பேசமாட்டேன்"னு அம்மா முன்னால் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தாய். பேச வேண்டாம், சரி. போனும் வேண்டாம், சரி. எழுதமாட்டேன் என்று நீ சத்தியம் செய்யவில்லையே! அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவனே நீதானே.

வாயைத் திறக்காமல் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கலாம் என்பதும் உன் கண்டுபிடிப்புதான். ஆவணி முதல் புதன், மேட்னி ஷோ, அதே பழைய தியேட்டர். இந்த வருஷமும் டிக்கெட் நான் எடுக்கிறேன். நீ வழக்கம்போல முடிவதற்குக் கால்மணி நேரம் முன்னால் எழுந்து போ. வெளியே வரும்போது நம் இரண்டு பேரையும் சேர்த்து யாரும் பார்த்துவிடக் கூடாது, தெரியும். மிச்சக் கதையை நான் எழுதி அனுப்புகிறேன்.

சுவரில் நான் எப்படி இருக்கிறேன்? மாலை மாற்றினார்களா? அமாவாசைக்கு அமாவாசை மதினி என் படத்துக்கு விளக்கேற்றி உளுந்த வடை படைக்கிறார் என்று எழுதியிருந்தாய். வடையில் மிளகு தட்டிப் போடச் சொல், எனக்கு அதுதான் பிடிக்கும். பாவம் மதினி! வேறு சாதிப் பையனோடு போனவளைத் தலைமுழுகிவிட்டார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒருநாள் தெரிந்தால் எண்ணெய்க் கரண்டியோடு மேலூர் பஸ் ஏறிவிடுவார்.

இத்துடன் ஒரு நாவல் வருகிறது. கிணறு வெட்டும் குடும்பம் ஒன்றின் கதை. தண்ணீர் வருமா வராதா என்று என்னை நாலு நாள் சமைக்க விடவில்லை. படித்துவிட்டு எழுது. எழுதாவிட்டால் பேயாக வந்து கடை ஷட்டரைத் தட்டுவேன்.

உன் பதிலுக்குத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
தங்கச்சி சரண்யா

2

விளாங்குடி
26.6.2024

சரண்யாதேவி அவர்களுக்கு,

நலமா என்று எழுதத்தான் வேண்டும். எழுதக் கை வரவில்லை.

நான் தாமரைச்செல்வி. சிவபாண்டியின் மனைவி. உங்கள் அண்ணன் மே 29ஆம் தேதி இறந்துவிட்டார். கடையில் யாருக்கோ மாற்றுச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். நான் ஓடிவந்தபோது மெஷினுக்குள் அந்தச் சான்றிதழ் இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. நேற்றுத்தான் கடையைத் திறந்தேன். முதலில் வந்தது உங்கள் பார்சல்.

விஷக் காய்ச்சல் வந்து நீங்கள் போய்விட்டீர்கள் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். பதினோரு வருஷமாக உங்கள் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டிருக்கிறேன். கன்னியாகச் செத்தவள் கேட்டதைக் கொடுப்பாள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னதைக் கேட்டு, ஒரு பிள்ளையைக் கொடு என்று உங்களிடம் அழுதிருக்கிறேன். அத்தை பக்கத்தில்தான் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் அண்ணனும் சொல்லவில்லை. அவர்மேல் கோபப்படக்கூட இப்போது ஆள் இல்லை.

இந்த ஊருக்கே அவர் இல்லாத மனுஷர். துக்கம் கேட்க வராத ஒரே ஆள் நீங்கள். உங்கள் ஒருத்தியிடம்தான் அவர் இன்னும்

(கடிதம் இத்துடன் நிற்கிறது. தபாலில் சேர்க்கப்படவில்லை. கடை மேஜை இழுப்பறையில் இருக்கிறது.)

3

விளாங்குடி
2.7.2024
(கணினியில் அடித்தது)

அன்புள்ள தங்கை சரண்யாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையை இடுப்புக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது.

பேப்பர் வெட்டும் கத்தி பட்டு விரலில் கட்டுப் போட்டிருக்கிறேன். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை, இதையும் கணினியில் அடிக்கிறேன். தவறாக நினைக்காதே.

நாவலைப் படித்தேன். முதலில் பத்துப் பக்கம் தாண்டுவேனா என்று சந்தேகமாக இருந்தது. பிறகு கடைக்கு வந்தவர்களை "கொஞ்சம் இருங்க" என்று நிறுத்திவைத்துவிட்டுப் படித்தேன். கடைசிப் பக்கங்கள் கசங்காமல் இருக்க நீ பின் அடித்திருந்தாய், அதைப் பிடுங்குவதற்குள் நகம் பெயர்ந்துவிட்டது. நாற்பது அடிக்குக் கீழே தண்ணீர் வந்த இடத்தில் அந்தக் கிழவன் குடிக்காமல் முகத்தை மட்டும் கழுவுகிறானே, அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். நல்ல முடிவு.

வேறு புத்தகம் இருந்தால் அனுப்பு.

அன்புடன்,
சிவபாண்டி

4

மேலூர்
13.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. உடனே எழுத முடியவில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. பள்ளி வேலைக்கு இரண்டு நாள் லீவு போட்டேன், அவ்வளவுதான்.

மதினி எப்படி இருக்கிறார்? கடையில் தனியாக நின்றுகொண்டு மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாமல் நேரத்துக்குச் சாப்பிடச் சொல். அம்மாவுக்குப் பேச்சுக் கொஞ்சம் கடுமையாக இருக்கும். மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று மதினியிடம் சொல்.

விரல் காயம் ஆற நாளாகும். அவசரம் இல்லை, கணினியிலேயே அடி.

உன் கடிதத்தைப் பத்துத் தடவைக்கு மேல் படித்துவிட்டேன். கிழவன் முகம் கழுவுகிற இடம் எனக்கும் பிடித்த இடம். அதைப் பற்றி என்னோடு பேச இங்கே ஆள் இல்லை. உன் மாப்பிள்ளை புத்தகத்தைத் தலைக்கு வைத்துத்தான் படுப்பார். அதனால் ஒன்று கேட்கிறேன். இந்த ஒரு மாசம் நிறையப் படி. நிறையப் படம் பார். பார்த்ததையெல்லாம் எனக்கு எழுது. எதையும் பாதியில் விடாதே.

இரண்டு புத்தகம் அனுப்பியிருக்கிறேன். சர்க்கஸ் கூடாரத்தில் சமையல்காரியாக இருந்த ஒருத்தியின் கதையை முதலில் எடு. சிரிப்பு வரும். சிரித்தால் தப்பில்லை.

உங்கள் எல்லோர் நினைவாகவே இருக்கும்,
சரண்யா

5

விளாங்குடி
20.7.2024
(கணினியில் அடித்தது)

அன்புள்ள சரண்யாவுக்கு,

நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். லீவு எதற்குப் போட்டாய் என்று நீ எழுதவில்லை.

நீ சொன்னபடியே செய்துகொண்டிருக்கிறேன். சமையல்காரி கதையை இரண்டே நாளில் முடித்தேன். யானைக்கு ரசம் வைத்துக் கொடுக்கிறாளே, அந்த இடத்தில் சிரித்த சிரிப்பில் ஜெராக்ஸ் எடுக்க வந்த பாண்டீஸ்வரி அக்கா ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். இந்த முறை பின் எதுவும் இல்லை, நகம் பிழைத்தது.

புதன்கிழமை டவுனுக்குப் போய்ப் படம் பார்த்தேன். மேட்னி. பேய்ப் படம் என்று போட்டிருந்தார்கள். அந்தப் பேய் யாரையும் பயமுறுத்தவில்லை. வீட்டில் எல்லோரும் வெளியே போனதும் வந்து, பாத்திரம் கழுவி, அரிசி களைந்து வைத்துவிட்டுப் போகிறது. அந்த வீட்டுக்காரிக்குத் தெரியும், பேய்தான் செய்கிறது என்று. தெரிந்தும் தினமும் கொஞ்சம் பாத்திரத்தைக் கழுவாமல் விட்டுவைக்கிறாள், மறுநாளும் அது வர வேண்டும் என்று. தியேட்டரே சிரித்தது. தாமரையும் கூட வந்திருந்தாள். அவளும் சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாள் ஆகிவிட்டது. இருட்டில் யாரும் பார்க்கவில்லை.

கடையில் என் நாற்காலி ஒரு பக்கம் ஆடுகிறது. தாமரை அதில் உட்காரமாட்டேன் என்று ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்காருகிறாள். சொன்னாலும் கேட்பதில்லை.

அடுத்த புத்தகம் கைவசம் இருக்கிறது. அடுத்த படத்துக்கும் போவேன். நீ எழுது.

அன்புடன்,
சிவபாண்டி

6

மேலூர்
26.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மதினி சிரித்தார் என்று படித்ததும் எனக்குப் பாதி நோய் போனது. என்ன நோய் என்று கேட்காதே.

நாற்காலியில் ஆடும் காலுக்குக் கீழே ஒரு அட்டையை நாலாக மடித்து வைத்தால் போதும். மதினியை அதில் உட்காரச் சொல். ஸ்டூலில் உட்கார்ந்தால் முதுகு போய்விடும். அந்த நாற்காலி யாரும் உட்காரக் கூடாத நாற்காலி இல்லை.

இன்னொரு புத்தகம் அனுப்புகிறேன். கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கும் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமலே ஷிப்ட் மாற்றி வேலை பார்க்கிறார்கள். ஒருவர் வைத்துவிட்டுப் போகும் டீ கிளாஸை வைத்துத்தான் இன்னொருவருக்கு அவரைத் தெரியும். உனக்குப் பிடிக்கும் என்று நினைத்து வாங்கினேன். மதினிக்கும் பிடிக்கும்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். ஆகஸ்ட் 21, ஆவணி முதல் புதன். எச் வரிசை, ஏழும் எட்டும். எட்டு எனக்கு, ஏழு வழக்கம்போல உன் சீட்டு. உன் டிக்கெட்டை இத்துடன் வைத்திருக்கிறேன்.

வருவாயா? வருகிறேன் என்று ஒரு வரி எழுது. அந்தச் சீட்டு காலியாக இருந்தால் என்னால் படம் பார்க்க முடியாது.

காத்திருக்கும்,
சரண்யா

7

விளாங்குடி
5.8.2024

சரண்யாதேவி அவர்களுக்கு,

இது என் கையெழுத்து. நான் தாமரைச்செல்வி. உங்களுக்குத் தட்டச்சில் வந்த இரண்டு கடிதமும் நான் அடித்தவை. உங்கள் அண்ணன் இல்லை. மே 29ஆம் தேதியே போய்விட்டார். மாரடைப்பு. இதற்கு முன்னால் ஒருமுறை இதை எழுதி இழுப்பறையில் போட்டேன். இப்போது போடமாட்டேன்.

நேற்று ஆடி அமாவாசை. "ரெண்டு படத்துக்கும் வெளக்கேத்து"ன்னு அத்தை சொன்னார். அவர் படம் புதுசு, கண்ணாடியில் இன்னும் கடைக்காரன் ஒட்டின லேபிள் இருக்கிறது. அதற்கு ஏற்றிவிட்டேன். பக்கத்தில் உங்கள் படம். தீப்பெட்டியை வைத்துக்கொண்டு நின்றேன். உங்கள் கடிதம் இடுப்பில் செருகியிருந்தது. உயிரோடு இருக்கிறவளுக்கு என் கையால் எப்படி ஏற்றுவது? தீக்குச்சி விரல்வரை எரிந்து அணைந்தது. உங்கள் பங்கு வடையை அடுப்படியில் நின்று நானே தின்றேன். மிளகு தட்டிப் போட்டிருந்தேன்.

ஏன் பொய் எழுதினேன் என்று கேட்பீர்கள். உங்கள் பார்சல் வந்த அன்று, அவர் செத்தது தெரியாத ஒரு ஆள் இந்த உலகத்தில் இருக்கிறார் என்று தெரிந்தது. உங்களுக்குச் சொல்லாதவரை அவர் மேலூரில் உயிரோடு இருக்கிறார். அதை என் கையால் முடித்துவைக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் பேரில் அடிக்க உட்கார்ந்தால் அவர் படித்தது போல எழுத வேண்டுமே, அதற்காகப் படித்தேன். பார்த்தது போல எழுத வேண்டுமே என்று படத்துக்குப் போனேன். புருஷன் செத்து இரண்டு மாசம் ஆகாதவள் தியேட்டரில்! டோனர், அதுதான் மெஷினுக்குப் போடும் மைத்தூள், வாங்கப் போகிறேன் என்று அத்தையிடம் மூன்று முறை சொல்லிவிட்டுப் போனேன். ஒரு மாசத்தில் மூன்று டோனர் வாங்கும் ஜெராக்ஸ் கடை மதுரையிலேயே கிடையாது.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். இந்த ஒரு மாசம் நான் சந்தோஷமாக இருந்தேன். படிக்கும்போது அவர் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பது போலவே இருந்தது. சில நேரம் திரும்பியும் பார்த்திருக்கிறேன். அவர் இருந்தபோது நானும் அவரும் சேர்ந்து ஒரு புத்தகம் படித்ததில்லை. அவர் உங்களோடு படித்திருக்கிறார் என்று எனக்குப் பொறாமையாகவும் இருந்தது.

ஏழாம் நம்பர் டிக்கெட் என்னிடம் இருக்கிறது. திருப்பி அனுப்பவா? நீங்கள் என்னைத் திட்டி எழுதினாலும் பரவாயில்லை. எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

இப்படிக்கு,
தாமரைச்செல்வி

8

மேலூர்
9.8.2024

அன்புள்ள மதினிக்கு,

நான் நலமில்லை. நீங்களும் நலமாக இருக்க முடியாது. இந்த ஒரு கடிதத்திலாவது இரண்டு பேரும் உண்மையைச் சொல்லிவிடுவோம்.

எனக்குத் தெரியும், மதினி. உங்கள் முதல் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது.

கடைசிப் பக்கங்களில் நான் பின் அடித்தது கசங்காமல் இருப்பதற்காக இல்லை. பதினாலு வருஷமாக எந்தக் கதையிலும் அண்ணன் கடைசி அத்தியாயத்தைப் படித்ததில்லை. தியேட்டரில் முடிவுக்கு முன் எழுந்து போகிற பழக்கம் புத்தகத்துக்கும் வந்துவிட்டது. "முடிவையும் நானே பாத்துட்டா நீ எனக்கு எழுத என்ன இருக்கு பாப்பா"ன்னு எழுதுவான். நான் பின் அடித்து அனுப்புவேன், அவன் பிடுங்காமல் திருப்பி அனுப்புவான், நான் முடிவை எழுதுவேன். அப்படித்தான் அடுத்த கடிதம், அதற்கடுத்த கடிதம் என்று வந்துகொண்டே இருந்தது. நீங்கள் பின்னைப் பிடுங்கி, முடிவு நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இன்னொன்றும் உண்டு. அவன் ஒருநாளும் 'அன்புள்ள தங்கை' என்று எழுதியதில்லை. 'தெய்வத்திரு சரண்யாதேவி அவர்களுக்கு' என்றுதான் ஆரம்பிப்பான், திமிர் பிடித்தவன்.

மறுநாளே கிளம்பி வந்தேன். மாட்டுத்தாவணியில் பஸ் மாறி விளாங்குடியில் இறங்கினேன். உங்கள் கடைக்கு எதிர்ச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பாதி கிழிந்து தொங்கியது. அண்ணன் முகம் நெற்றிவரைதான் இருந்தது. கீழே கல்யாண மண்டப விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். ஒரு நெற்றியை வைத்து ஆளை அடையாளம் தெரிந்துகொண்டேன். கடைக்குள் நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தீர்கள். மடியில் அதே கிணற்று நாவல். ரோட்டைத் தாண்டி வந்து பேசக் காலெடுத்தேன். வந்தால், நீங்கள் எழுந்து நின்று அழ வேண்டியிருக்கும். நீங்கள் படித்துக்கொண்டிருந்தீர்கள். திரும்பிவிட்டேன்.

தெரியும் என்று எழுதியிருந்தால் அதோடு அண்ணன் பேரில் கடிதம் வராது. எனக்கும் அது வேண்டியிருந்தது. அவனுக்கு வாய்க்கரிசி போட எனக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை. செத்தவளுக்கு யார் சாவுச் செய்தி சொல்வார்கள்? அதனால் நீங்கள் பொய் எழுதியதாக நினைக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய அண்ணனைத்தான் நான் வைத்துக்கொண்டேன்.

டிக்கெட்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம். நீங்கள் வாருங்கள். அண்ணன் சீட்டு.

என்னை 'நீங்கள்' என்று எழுதாதீர்கள். நான் உங்களுக்கு நாத்தனார், உங்களைவிடச் சின்னவள், உயிரோடும் இருக்கிறேன்.

உங்கள்,
சரண்யா

9

விளாங்குடி
22.8.2024

அன்புள்ள சரண்யாவுக்கு,

நேற்று நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். நீயும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்துப் போய்ச் சேர்ந்திருப்பாய். மாப்பிள்ளைக்கு இடுப்பு தேவலையா?

படம் முடிய இன்னும் கால்மணி நேரம் இருந்தபோது நீ என் மணிக்கட்டைப் பிடித்தாயே, அந்த இடம் இன்னும் சுடுகிறது. நான் எழுந்து போய்விடுவேன் என்று பயந்தாயா? அதுவரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எந்தச் சத்தியமும் நம்மைத் தடுக்கவில்லை, இருந்தும் பேச வரவில்லை. லைட் போட்ட பிறகும் கூட்டம் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தோமே, அப்போதுதான் உன்னைச் சரியாகப் பார்த்தேன். சுவரில் இருக்கிற பெண்ணுக்கு இருபத்தொரு வயது. உனக்குக் காதோரம் நரைத்திருக்கிறது. அந்த நரையைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் உள்ளே நுழைந்ததும் அத்தை கேட்டார்: "டோனரு வாங்குனியா?"

இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. "இல்ல அத்தை. படத்துக்குப் போனேன்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் காலை நீட்டி முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"ஆவணி மொத புதனு இன்னைக்கி" என்றார். "அவன் வருசா வருசம் இந்த நாளையில ஒரு படம் பாத்துட்டு வருவான். வந்து ஒக்காந்து எனக்கு அம்புட்டுக் கதையும் சொல்லுவான். முடிவ மட்டும் சொல்ல மாட்டான். 'பெறகு என்னடா ஆச்சு'ன்னு கேட்டா, 'அத இன்னொரு ஆளு பாத்துச்சும்மா, அதுக்கிட்டத்தேன் கேக்கணும்'பான். நானும் பதினாலு வருசமா யாரு அந்த ஆளுன்னு கேக்காமலே இருந்துட்டேன்."

அவருக்குத் தெரிந்திருக்கிறது, சரண்யா. எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் கடைசி வரைக்கும் பாத்தேன் அத்தை. முடிவு சொல்லவா?" என்று ஆரம்பித்தேன். வெடுக்கென்று என் கையைத் தட்டிவிட்டார்.

"நீ சொல்லாத. பாத்த ஆளு வந்து சொல்லட்டும்."

"சத்தியம் இருக்கே அத்தை" என்றேன். இத்தனை வருஷம் உன்னை ஒதுக்கியதற்கும் என்னை ஏமாற்றியதற்கும் அந்த ஒரு வார்த்தையாவது அவரைக் குத்தட்டும் என்றுதான் சொன்னேன். மறைக்கவில்லை.

அத்தை முட்டியைத் தேய்ப்பதை நிறுத்தினார். பிறகு சொன்னார்: "சூடத்த அணைச்சவன் போயிட்டான். நான் அணைக்கலையே. அணைக்கச் சொன்ன பாவிதானே நான்." அதைச் சொல்லிவிட்டு அழுதார். மகன் செத்த அன்றைக்குக்கூட அவர் இப்படி அழுது நான் பார்க்கவில்லை.

ராத்திரி யாரும் சாப்பிடவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் அத்தை முட்டிவலியோடு ஸ்டூலைப் போட்டு ஏறி நிற்கிறார். நான் ஓடிப் போய்ப் பிடித்துக்கொண்டேன். உன் படத்திலிருந்து மாலையை எடுத்துக் கீழே கொடுத்தார். பொட்டையும் முந்தானையால் துடைத்தார். படத்தை மாட்டியே வைத்திருக்கிறோம். கல்யாணமாகி வெளியூரில் இருக்கிற மகள் படம் எல்லா வீட்டுச் சுவரிலும்தான் இருக்கிறது.

கடை நாற்காலிக்கு அட்டை மடித்து வைத்துவிட்டேன். இதை அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இனி நீ அனுப்பும் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் பின் அடித்தே அனுப்பு. நான் பிடுங்கமாட்டேன்.

நேற்றைய படத்தின் முடிவை இதுவரை அத்தையிடம் நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் உளுந்து ஊறப்போடுவேன். மிளகு தட்டி வைத்துவிட்டேன். இந்த முறை நீயே வந்து சாப்பிட வேண்டும்.

உன் மதினி,
தாமரைச்செல்வி